ஜலகாம்பாறை அருவியும் ஏரிக்கரை இளநீரும்

டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோர் எங்களிடம் அடிக்கடி கேட்பது, "வெளியூர் போய் வரலாமா டாக்டர்?" என்பதே. வேண்டாம் என்று சொல்வது மருத்துவருக்கு எளிது. வாரத்தில் மூன்று நாள்கள், நான்கு நான்கு மணி நேரம் படுக்கையில் கழிப்பவருக்கு அவ்விடை எளிதானதன்று. வெளியே நாற்காலியில் காத்திருக்கும் மனைவிக்கோ தாய்க்கோ அது இன்னும் கடினம்.

எனவே, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், எட்டு நோயாளிகளையும் அவர்தம் உறவினரையும் அழைத்துக்கொண்டு, திருப்பத்தூர் மாவட்டத்து ஜலகாம்பாறை அருவிக்கும் ஏலகிரி மலைமேல் உள்ள அத்தனாவூருக்கும் சென்றுவந்தோம். செவ்வாய், வியாழன், சனி முறையில் சிகிச்சை பெறுவோரை மட்டுமே அழைத்தோம். முந்தைய நாள்தான் அவர்களுக்கு டயாலிசிஸ் முடிந்திருந்தது. மற்ற முறையினருக்கு ஞாயிறு நீண்ட இடைவெளியின் இறுதி நாள். உடலில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறக்கூடிய நாள்.

கோடையில் வற்றிவிடும் அருவி அன்று நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. கழுத்தில் குழாய் பொருத்தியிருந்த இருவரை நீராட விடவில்லை. குழாய் நுழையும் இடம் நனைந்தால் கிருமிகள் இரத்தத்தில் கலக்க வழி உண்டாகும். அவர்கள் பாறையில் அமர்ந்து கால்களை நீரில் விட்டிருந்தனர். கையில் ஃபிஸ்டுலா உள்ளவர்கள், ஊசி ஏற்றிய கையை விலக்கிப் பிடித்தபடி ஓரச் சாரலில் நின்றனர். மூன்றாண்டுகளாக மகனுக்குத் துணையாக வரும் ஓர் அம்மா, "தம்பியைப் பார்த்துக்குவீங்கல்ல?" என்று செவிலியரிடம் கேட்டுவிட்டு அருவியின் நடுவே போய் நின்றார். அரை மணி நேரம் வெளியே வரவில்லை. இறுதியில் மகனே குரல் கொடுத்து அழைக்க வேண்டியதாயிற்று.

மதியத்திற்கு இட்லியும் உப்புக் குறைத்த எலுமிச்சைச் சாதமும். பயணம் என்றாலே புளிச்சாதமும் ஊறுகாயும் என்பது நம் வழக்கம். ஆனால் உப்பு தாகத்தைத் தூண்டும், தாகம் மிகுந்தபின் நீரை அளந்து குடிப்பது எவருக்கும் அரிது. அவரவர்க்கு உரிய நீரைக் காலையிலேயே பாட்டிலில் அளந்து எடுத்து வந்திருந்தனர்.

பொன்னேரியிலிருந்து மலைச்சாலை 14 கொண்டையூசி வளைவுகளாக ஏறுகிறது. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் உரக்கப் படித்து விளக்கம் சொல்லி வந்ததில், மலைப்பாதையில் வழக்கமாக வாந்தி எடுப்பவர்கூட அதை மறந்துபோனார். இம்மருந்தை நாங்கள் எந்நூலிலும் படித்ததில்லை.

சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள அத்தனாவூரில், புங்கனூர் ஏரிக்கரையில்தான் அது நேர்ந்தது. படகுச் சவாரி முடிந்து திரும்பியபோது, அத்தமிழாசிரியரின் கையில் ஓர் இளநீர். பாதிக்கு மேல் குடித்திருந்தார். "இயற்கையானதுதானே மாமா, குடிங்க" என்று அன்போடு வாங்கிக் கொடுத்தவர் அவருடைய மைத்துனர்.

ஒரு குவளை இளநீரில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. நலமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். டயாலிசிஸ் பெறுபவரின் உடலில் அது அடுத்த சிகிச்சை வரை பெரும்பாலும் தங்கி, அளவு மீறினால் முன்னறிவிப்பின்றியே இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும். அவருக்கு அடுத்த சிகிச்சை செவ்வாய்க்கிழமை. கோடையில் சென்றிருந்தால் ஏலகிரிப் பலாச்சுளையும் இதே கவலையைத் தந்திருக்கும்.

அன்றிரவு அவரை வீட்டிற்கு அனுப்பாமல் மருத்துவமனைக்கே அழைத்து வந்தோம். இ.சி.ஜி.யில் மாற்றம் இல்லை, பொட்டாசியம் 5.9 இருந்தது. திங்கள் காலையிலேயே டயாலிசிஸ் செய்தோம். மைத்துனர் இரவெல்லாம் வார்டு வாசலில் அமர்ந்திருந்தார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நோயாளிகளுக்கு எடுத்துரைத்த நாங்கள், உடன் வந்தோருக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அடுத்த பயணம் திங்கள், புதன், வெள்ளி முறையினருக்கு. ஒரு சனிக்கிழமையில் அமையும். உடன் வருவோர் முதல் நாளான வெள்ளியன்று, சிகிச்சை நடக்கும் நேரத்திலேயே எங்கள் உணவியல் வல்லுநரிடம் அரை மணி நேரம் அமர்ந்து செல்ல வேண்டும். ஆசிரியரும் மீண்டும் வர விரும்புகிறார்; அவருடைய முறை வேறு என்பதால் இம்முறை இயலாது என்று சொல்லியிருக்கிறோம்.