ஆய்வாளர் கழித்த நெல்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் பொன்னியும் சோனா மசூரியும் அடுத்தடுத்து அடுக்கியிருக்கும். எந்த அரிசி குழையாது என்று விசாரித்துத்தான் வாங்குகிறோம். ஆனால் இரண்டும் நெருங்கிய சொந்தம்.

1950களில் ஒடிசாவின் கட்டாக்கில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் திட்டத்தில், தைவானின் தைச்சுங் 65 நெல்லோடு மலாயாவின் மாயாங் எபோஸ் நெல்லைக் கலந்தார்கள். அந்த வாரிசு மலாயா வயல்களில் தேறி, 1965இல் மசூரி என்ற பெயரில் வெளிவந்தது. நமக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான்!

இந்தியாவுக்கு வந்த மசூரியை ஆய்வாளர்கள் கழித்துவிட்டார்கள். உயரமான பயிர், உரம் போட்டால் சாய்ந்துவிடும். ஆந்திராவில் ஒரு பண்ணைத் தொழிலாளி கொஞ்சம் விதையை எடுத்துப்போய் விதைத்தார் என்பார்கள். அதன்பின் விதை கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் பரவியது. உரம் குறைந்தாலும் விளையும், சோறு நன்றாயிருக்கும், மாட்டுக்கு வைக்கோலும் மிஞ்சும். உரமும் நீரும் தாராளமாகக் கிடைக்கும் ஆய்வு வயலில் இதெல்லாம் கண்ணில் படாது. அதே கலப்பில் தேர்ந்த வெள்ளைப் பொன்னியைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது. சோனா என்ற ரகத்தோடு மசூரியைக் கலந்ததில் வந்தது சோனா மசூரி. ஆந்திராவின் பாபட்லாவில் உருவான சம்பா மசூரியும் இதே வம்சம்.

உழவர் கணிப்பு தப்பவில்லை. ஆனால் ஒரே வம்சம் வயலெங்கும் நிறைவதில் ஆபத்து உண்டு. சம்பா மசூரியைப் பாக்டீரியா இலைக்கருகல் நோய் வாட்டியது. ஹைதராபாத் ஆய்வாளர்கள் அதற்குச் சேர்த்த மூன்று எதிர்ப்பு மரபணுக்களில் ஒன்று, ஆப்பிரிக்காவின் மாலியில் கிடைத்த காட்டு நெல்லிலிருந்து வந்தது.

ஆகவே, உழவர் கணிப்பும் பயன்பட வேண்டும், வம்சங்களும் பலவாக வேண்டும் என்றால், முடிந்த ரகத்தை உழவர் கையில் கொடுத்து அபிப்பிராயம் கேட்பது போதாது என்பேன். ஜார்க்கண்ட் பக்கத்து மேட்டு நிலங்களில் வேறு வழியில் போனார்கள். சீக்கிரம் விளைந்து வறட்சிக்குத் தப்பும், ஆனால் சாய்ந்துவிடும் கலிங்கா 3 நெல்லை ஐ.ஆர்.64உடன் கலந்தார்கள். அந்தச் சந்ததி நிலைப்படும் முன்பே, குட்டையும் நெட்டையும் கலந்த விதையாகவே, உழவர்களிடம் போனது. தங்கள் மண்ணில் விதைத்து, பிடித்த செடிகளை அவர்களே பொறுக்கினார்கள். சமைத்தும் பார்த்தார்கள். பிர்சா வேளாண் பல்கலைக்கழகமும் கிராமின் விகாஸ் டிரஸ்டும் இப்படிக் கொண்டுவந்தது அசோகா 200எஃப் ரகம். இம்முறையில் ஒவ்வொரு வட்டாரமும் தனக்கேற்ற நெல்லை வைத்துக்கொள்ள வழியிருக்கிறது.

ஒரு நாடு கைவிட்டாலும் இன்னொன்று தரும் என்று சிங்கப்பூர் பல நாடுகளிலிருந்து அரிசி வாங்குகிறது. நல்ல ஏற்பாடுதான். அந்த மூட்டைகளுக்குள் எத்தனை வம்சம் இருக்கிறது என்று யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை.