பல்வைத்தியரிடம் முதற் பயணம்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கின்றோம். உற்றார் கூடிக் குழந்தையை இருத்தித் தலையிலே கொழுக்கட்டையைச் சொரிகின்றோம். தட்டிலுள்ள ஏட்டை எடுக்குமோ, பொன்னை எடுக்குமோ என்று பார்த்து மகிழ்கின்றோம். இத்துணைச் சிறப்போடு வரவேற்ற பல்லை, அது நோகும் நாளுக்கு முன்னர் வைத்தியருக்குக் காட்டுவோர் நம்மில் எத்தனை பேர்?

முதலாண்டு நிறைவதற்குள் ஒருமுறை காட்டுதல் வேண்டும் என்பது இன்றைய பல்வைத்தியர் கருத்து. அன்று பெரும்பாலும் சிகிச்சை இராது. தாயின் மடியில் வைத்தே வாயைப் பார்ப்பர். நோவில்லாத நாளிற் பழகிய முகம் பின்னாளில் அச்சந் தராது.

அச்சத்தை விதைப்பவர் நாமே. "குழப்படி செய்தால் பல்லுப் பிடுங்கிற டொக்டரிட்டைக் கொண்டுபோவன்" என்ற மிரட்டலைக் கேட்டு வளர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி என் பாடசாலையிற் படித்தாள். கடைவாயில் உண்டான நோவை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. கன்னம் வீங்கிய பின்னரே தெரியவந்தது. "பாற்பல்லுத்தானே, விழுந்து முளைக்கும்" என்றார் அம்மம்மா. அது பாற்பல் அன்று. பாற்பற்கள் 20க்கும் பின்னால், ஏறக்குறைய 6 வயதில், எப்பல்லும் விழாமலே முளைக்கும் நிலையான கடைவாய்ப்பல். அதைப் பிடுங்க நேர்ந்தது. அவ்விடத்தில் வேறு பல் முளைக்காது.

இவ்வச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பாடசாலைப் பற்சிகிச்சைக்கென மகளிரை 1921இலேயே பயிற்றத் தொடங்கிய நியூசிலாந்தில், சிறுவர் அச்சிகிச்சை நிலையத்தைக் 'கொலைவீடு' என்றே அழைத்தனர். காலால் மிதித்துச் சுழற்றிய அந்நாளைத் துளைகருவியை எண்ணினால் அவர்களைக் குறை கூற இயலாது! அந்நாட்டின் உதவியோடுதான், கொழும்புத் திட்டத்தின் கீழ், நம் மகரகமவிலும் இத்தகைய பயிற்சிக் கூடம் அமைந்தது. கருவிகள் மாறிவிட்டன, நம் மிரட்டல்தான் மாறவில்லை.

ஆதலின் நேயர்களே, பயணத்துக்கு முதல்நாள் மாலை வீட்டிலே ஒரு விளையாட்டு நடத்துங்கள். சிறு கண்ணாடியும் டோர்ச் விளக்கும் போதும். "வைத்தியர் உன் பற்களை எண்ணிப் பார்ப்பார்" என்று சொல்லி நீங்களே எண்ணிக் காட்டுங்கள். "நோகாது" என்று சொல்லாதீர்கள். பிள்ளையின் காதில் நோவென்பதே விழும். ஊசிப் பேச்சும் வேண்டாம். இனிப்பைக் கூலியாகப் பேசுவது எல்லாவற்றிலும் விந்தை. உறங்கி எழுந்து உணவும் உண்ட காலை வேளையே ஏற்றது. தாய்க்கே நடுக்கம் இருந்தால் தந்தையோ சின்னம்மாவோ கூட்டிச் செல்லட்டும். அங்கே பிள்ளை அழுதால் ஏசவேண்டாம்.

வீடு திரும்பியதும் அம்மம்மாவின் பற்களைத் தானே எண்ணவேண்டுமென அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள். அக்கணக்கு விரைவில் முடிந்துவிடும்.