டைமிங் பெல்ட் மாற்றியபின் வாகனம் ஸ்டார்ட் ஆகவில்லையா? இறக்கத்தில் உருட்டாதீர்கள்

பசறை, லுணுகலை, மடுல்சீமை தோட்டப் பாதைகளில் ஓடும் வான்களில் பல பழைய டீசல் வாகனங்கள். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. புதியதன் விலை எட்டாததால் இருப்பதைப் பழுதுபார்த்தே ஓட்டவேண்டியுள்ளது. லயத்திலிருந்து நோயாளியைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும் இவைதான்.

டைமிங் பெல்ட், கிராங்கையும் காம் ஷாஃப்டையும் இணைக்கிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் காம் ஒரு சுற்று. பல டீசல் எஞ்சின்களில் டீசல் பம்பையும் இதே பெல்ட்தான் சுழற்றும். பெல்ட் ஓரிரு பல் தள்ளி மாட்டப்பட்டாலே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அதிகம் தள்ளியிருந்தால் பிஸ்டன் இடித்து வால்வு வளையும்.

ஸ்டார்ட் ஆகாத வாகனத்தை இறக்கத்தில் உருட்டிக் கியர் போடுவது மலையகத்தில் வழக்கம். பெல்ட் மாற்றிய வாகனத்தில் அது கூடாது. உருளும் சக்கரம் எஞ்சினைப் பலமாகச் சுழற்றி வால்வுகளைக் கெடுத்துவிடும். எஞ்சின் ஓடாத வானுக்கு இறக்கத்தில் பிரேக் பிடிப்பதும் கடினம்.

செய்யவேண்டியது இதுதான்:

1. பற்றரி வயரைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வையுங்கள்.

2. கிராங்க் புலியை, எஞ்சின் சுழலும் திசையில், ஸ்பானரால் மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். இடித்து நின்றால் பலவந்தப்படுத்தாதீர்கள்.

3. கிராங்க், காம், டீசல் பம்ப் மூன்றின் குறிகளும் பொருந்துகின்றனவா பாருங்கள். பொருந்தாவிட்டால் பெல்ட்டைக் கழற்றி மீண்டும் மாட்டவேண்டும்.

4. பொருந்தினால், வேலையின்போது கழற்றிய சென்சர், எர்த் வயர்களைப் பாருங்கள். டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருந்தால் வெளியேற்றுங்கள்.

5. ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட இலகுவாகச் சுழற்றினால், ஹெட்டைக் கழற்றுமுன் கம்பிரஷன் பார்க்கச் சொல்லுங்கள்.

அவசர நோயாளி இருந்தால் வானுக்காகக் காத்திருக்கவேண்டாம். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை 1990இல் அழையுங்கள்.