வரலாற்று விடையில் ஆய்வாளர் கருத்தை எப்படிப் பயன்படுத்துவது?

"1857 பெருங்கிளர்ச்சியின் தன்மையை ஆராய்க." பள்ளித் தேர்வானாலும் போட்டித் தேர்வானாலும் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி இது. பலர் இதற்கு ஒரே வார்ப்பில் விடை எழுதுகிறார்கள். முதலில் காரணங்கள், அடுத்து விளைவுகள், கடைசிப் பத்தியில் "சாவர்க்கர் இதைச் சுதந்திரப் போர் என்றார், மஜும்தார் மறுத்தார், சென் வேறு விதமாகச் சொன்னார்" என்று ஒரு வரிசை. பெயரிலும் தகவலிலும் பிழை இருக்காது. ஆனால் கேட்டது ஆராய்ச்சி; எழுதியது பட்டியல். மூவரும் முரண்படும்போது எழுதுகிறவர் யாரை, எந்த அளவுக்கு, எதனால் ஏற்கிறார் என்பது விடையில் எங்குமே இல்லை.

வரலாற்றாய்வாளரின் கருத்து என்பது சான்றுகளைக் கொண்டு அவர் கட்டிய ஒரு வாதம். வாதத்தை மனப்பாடமாக ஒப்பித்தால் போதாது, எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் உதவும்: அவர் எப்போது, எதற்காக எழுதினார்? எந்தச் சான்றை நம்புகிறார்? எந்த அளவுகோலால் அளக்கிறார்?

சாவர்க்கரின் நூல் 1909இல் வந்தது. விடுதலைப் போராட்டத்துக்கு ஆள் திரட்ட வேண்டும் என்ற வேகத்தில், லண்டனில் இருந்தபோது எழுதியது. அச்சேறும் முன்பே ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. இந்தப் பின்னணி தெரிந்திருக்க வேண்டும். ஆனால் "அவர் தேசியவாதி, ஆகவே அவர் சொன்னது ஒருதலைப்பட்சம்" என்று முடித்துவிடக் கூடாது. நோக்கம் எதுவானாலும், காட்டும் சான்று நிற்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு.

ஆர்.சி. மஜும்தார், எஸ்.என். சென் இருவரின் நூல்களும் கிளர்ச்சியின் நூற்றாண்டான 1957இல் வெளிவந்தன. சென் எழுதியது இந்திய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில். மஜும்தார் தனியாக எழுதினார். நாட்டுணர்வு அன்று உருவாகவில்லை, நானா சாகிப், ஜான்சி ராணி போன்றோர் அவரவர் குறைகளுக்காகவே களமிறங்கினர் என்பது மஜும்தாரின் வாதம். இன்றைய பொருளிலான தேசியம் அப்போது இல்லை என்பதைச் சென்னும் ஒப்புகிறார். ஆனால் சமயத்தைக் காக்கத் தொடங்கிய சண்டை, அந்நிய ஆட்சியை அகற்றும் போராக மாறியது என்கிறார். இங்கே வேறுபாடு தகவலில் அல்ல, அளவுகோலில். சுதந்திரப் போர் என்று சொல்லப் பொதுவான நாட்டுணர்வு வேண்டும் என்கிறார் ஒருவர். அந்நியரை வெளியேற்றும் நோக்கமே போதும் என்கிறார் மற்றவர். இதை இரண்டு வரியில் எழுதிக் காட்டும் மாணவரின் விடை, பட்டியல் விடையைவிடப் பல படி மேலே போய்விடும்.

ஒரு மாதிரிப் பத்தி:

"கிளர்ச்சி நாடு தழுவியதல்ல என்ற மஜும்தாரின் வாதத்துக்கு அதன் பரப்பே வலுவான சான்று. வங்காளப் படைதான் பெருமளவில் கிளர்ந்தது. சென்னைப் படையும் பம்பாய்ப் படையும் பெரும்பாலும் அமைதியாக இருந்தன. ஆனால் 1856இல் கம்பெனி இணைத்துக்கொண்ட அவத்தில் நிலைமை வேறு. அங்கே நிலம் பறிபோன தாலுக்தார்களும் விவசாயிகளும் சிப்பாய்களோடு சேர்ந்தார்கள். ஆகவே இதை நாடு தழுவிய போர் என்று கூற இயலாது. வெறும் சிப்பாய்க் கலகம் என்று ஒதுக்கவும் இயலாது."

முதல் வரி ஆய்வாளரின் வாதம். அடுத்தது அதற்கு ஆதரவான சான்று. "ஆனால்" என்று தொடங்கும் பகுதி அந்த வாதம் எட்டாத இடத்தைக் காட்டுகிறது. கடைசி இரு வரிகள் எழுதுகிறவரின் தீர்ப்பு. மஜும்தாரின் பெயர் ஒரே முறைதான் வருகிறது, ஆனால் பத்தி முழுவதும் அவரோடுதான் பேசுகிறது.

இன்னொரு ஆய்வாளரைச் சேர்ப்பதானால், அவர் விவாதத்தை ஓர் அடியாவது நகர்த்த வேண்டும். எரிக் ஸ்டோக்ஸ் அப்படிப்பட்டவர். கிராமப்புறத்தை வட்டாரம் வட்டாரமாக ஆராய்ந்த அவர், ஒரு பகுதி கிளர்ந்தபோது பக்கத்துப் பகுதி ஏன் அடங்கியிருந்தது என்று கேட்டார். நாடு முழுவதற்கும் ஒரே பெயர் சூட்டும் முயற்சியே போதாது என்று சொல்ல அவர் ஆய்வு கைகொடுக்கும்.

சில எச்சரிக்கைகள். மேற்கோள் சொல்லுக்குச் சொல் நினைவில் இல்லையென்றால் மேற்கோள் குறி போடாதீர்கள். கருத்தை உங்கள் நடையில் எழுதுங்கள். பெயர் மறந்துவிட்டால் "சில ஆய்வாளர்கள்" என்பதே நேர்மை. ஊகித்த பெயரைப் போட்டால் விடையின் மேலுள்ள நம்பிக்கையே போய்விடும். ஒரு விடைக்கு இரண்டு அல்லது மூன்று பேர் போதும். முடிவுரையை எவருடைய கருத்தோடும் முடிக்காமல் உங்கள் தீர்ப்போடு முடியுங்கள்.

பழகுவதற்கு ஒரு வழி: பாடத்தில் வரும் ஒவ்வொரு ஆய்வாளருக்கும் நான்கு வரி எழுதிப் பாருங்கள். அவர் சொல்வது என்ன, அவருடைய சான்று எது, அதற்கு எதிரான சான்று எது, நான் எந்த அளவுக்கு ஏற்கிறேன். நான்காவது வரி எழுத வரவில்லையென்றால், அந்தக் கருத்தை இன்னும் மனப்பாடம்தான் செய்திருக்கிறீர்கள். பாடத்தை மறுபடி புரட்டி மூன்றாவது வரிக்கான சான்றைத் தேடுங்கள். நான்காவது தானே வரும்.