பழவேற்காட்டு அடுப்படியில் புது யந்திரங்கள்

பத்திரிகையைப் புரட்டினால் பக்கத்துக்கு ஒரு யந்திரம் நம்மைப் பார்த்துப் புன்னகை செய்கிறது. துணியைத் தானே துவைத்துப் பிழிந்து தரும் பெட்டி ஒன்று. தீயும் புகையுமில்லாமல் சோறு பொங்கும் அடுப்பு ஒன்று. விளம்பரக்காரர்கள் காட்டும் வீடு மட்டும் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். குழாயைத் திருகினால் நல்ல தண்ணீர். சுவிட்சைத் தட்டினால் மின்சாரம். வாசலில் மோட்டார் வண்டி. அப்படிப்பட்ட வீட்டில் எந்த யந்திரத்தை வைத்தாலும் ஓடத்தான் ஓடும். யந்திரத்தின் யோக்கியதை தெரியவேண்டுமானால் அதை வேறோர் இடத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்கள் அதற்கு வெகு பொருத்தமான இடம்.

சென்னைக்கு வடக்கே பொன்னேரியைத் தாண்டிப் போனால் இந்த ஏரி வருகிறது. நம் நாட்டு உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திர தேசத்தைச் சேர்ந்தது. டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியாக் கோட்டையின் சுவடும், அவர்களுடைய கல்லறைகளும் இங்கே உண்டு. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, பூநாரைகளையும் பார்த்துவிட்டு, இறால் வறுவலை ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இறாலை வறுத்த அடுப்பை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், செம்பாசிப்பள்ளிக் குப்பம் முதலிய ஊர்களில் காற்றிலே உப்பு; கிணற்றிலே உப்பு; வருமானமோ அன்றைய வலையைப் பொறுத்தது. ஒரு யந்திரத்துக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வேண்டியதில்லை.

அடுப்பு விஷயத்தில் இந்த ஏரிக்குப் பழைய கீர்த்தி ஒன்று உண்டு. 1806-இல் வெட்டத் தொடங்கி, 1878-இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழி இந்த ஏரியைத் தொட்டுத்தான் செல்கிறது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டில் வெட்டிய விறகு அவ்வழியே படகு படகாகச் சென்னைக்குப் போயிற்று. பட்டணத்து அடுப்புகள் பல இந்த ஏரியைக் கடந்து வந்த விறகினால் எரிந்தவை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. தெற்கே எண்ணூர்ப் பக்கத்தில் அனல்மின் நிலையங்கள் எழும்பிவிட்டன: வட சென்னை நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட், வல்லூர் 1,500 மெகாவாட். சமையல் காஸைக் கப்பலிலிருந்து இறக்கும் நிலையமும் அங்கேயே இருக்கிறது. நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து அங்குள்ள மீனவர்களின் பிழைப்பில் மண்ணைப் போட்ட கதை தனிக் கதை. ஆக, மின்சாரமும் காஸும் கூப்பிடு தூரத்தில் பிறக்கின்றன என்றே சொல்லலாம். குப்பத்து அடுப்படிக்கு வந்து சேர்வதில்தான் அவற்றுக்கு எத்தனையோ தடங்கல்கள்!

முதலில் விறகைப் பார்ப்போம். சவுக்கும் சீமைக் கருவேலமும் இக்கரையில் கிடைக்கின்றன. பொறுக்கி வந்தால் காசில்லை. வாங்கினாலும் இன்றைய சமையலுக்கு இன்று வாங்கினால் போதும். விறகின் கவர்ச்சி முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஆனால் சாதாரண மண் அடுப்பில் விறகின் உஷ்ணத்தில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது. மிச்சமெல்லாம் சுவருக்கும் கூரைக்கும் சமைப்பவளின் முகத்துக்கும். கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்கவில்லை, போட்டுப் பார்த்தேன். 14.2 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையைச் செய்ய ஏறக்குறைய கால் டன் விறகு வேண்டும். இருபது கிலோக் கட்டாகச் சுமந்தால் பன்னிரண்டு நடைக்கு மேல். அத்தனையும் பெண்களின் தலையில்!

புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டு அடுப்புப் புகையினால் உலகத்தில் 2020-ஆம் வருஷத்தில் மாத்திரம் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. நான்கு தேசங்களில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. நம் தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கங்களில் அதை நடத்தியவர்கள் சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஸ்தாபனத்தார். பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பையும், பதினெட்டு மாதத்துக்குக் காஸையும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்தூசி, விறகு அடுப்புக்காரர்களுடையதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆயினும் 2022-இல் வெளியான முடிவின்படி, குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. காஸைச் சஞ்சீவி என்று கொண்டாடுகிறவர்கள் இதையும் படிக்கவேண்டும். எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறு. வீடு தேடி இலவசமாகக் காஸ் வந்தபோது, அந்தப் பெண்கள் விறகு அடுப்பை அநேகமாக மறந்தே போனார்கள். பழக்கத்தை விடமாட்டார்கள், விறகுச் சமையல் ருசியை விடமாட்டார்கள் என்று நாம் சொல்வதெல்லாம் வீண் பேச்சு என்று இதனால் தெரிகிறது.

2006-இல் அமைந்த தமிழ்நாட்டு சர்க்கார் இலவசக் காஸ் அடுப்புகளை வழங்கிற்று. 2016 மே முதல் தேதி மத்திய சர்க்கார் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கிற்று. அடுப்பு வந்துவிட்டது, சிலிண்டரும் வந்துவிட்டது. அது தீர்ந்த பிறகு என்ன செய்வது? மாதச் சம்பளக்காரனுக்கு ஒரு சிலிண்டர் விலை ஒரு செலவு. வலையில் மடவையும் நண்டும் விழுந்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை என்று வாழ்கிறவனுக்கோ, ஒரு மாதத்து, ஒன்றரை மாதத்து எரிபொருளை ஒரே நாளில் வாங்குவது என்பது மலையைப் புரட்டுவது போல. இதனால்தான் காஸ் அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டு விறகைத் தேடிப் போகிறார்கள். ஐந்து கிலோச் சிறு சிலிண்டர் இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஏற்றது. ஏரிக்கு நடுவே இருக்கம் போன்ற தீவுகளில் சிலிண்டர் படகேறி வரவேண்டியிருப்பதால், தூக்குவதற்கும் அதுவே சௌகரியம்.

அடுப்பை வாங்கும்போது கண்ணாடி மேல்தட்டைக் கண்டு மயங்கவேண்டாம். உப்புக் காற்றில் தகர அடுப்பு சீக்கிரம் துருவேறும். துருப்பிடிக்காத எஃகு உடலும், கனமான பித்தளை பர்னரும்தான் இங்கே நிற்கும். விலை சற்று அதிகம், கொடுக்கலாம். இன்னொன்று: சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையோடு படுத்திருக்கும். ஆகையால் அடுப்பு மேடையிலும், காற்று போக வழி தரை மட்டத்திலும் இருப்பது அவசியம். தாழ்ந்த கூரை வீட்டில் ஜன்னலை மட்டும் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து.

இனி மின்சார அடுப்பு. இண்டக்ஷன் அடுப்பு ஓர் அற்புதம் என்பதில் சந்தேகமில்லை. தட்டில் உஷ்ணம் கிடையாது. அடியிலுள்ள கம்பிச் சுருளின் காந்த சக்தி, பாத்திரத்தின் அடியிலேயே உஷ்ணத்தை உண்டாக்குகிறது. நூற்றுக்கு 85 பங்கு வரை சமையலுக்குப் பயன்படும். நல்ல காஸ் அடுப்பில் 68 பங்கு. இந்தக் கணக்கின்படி ஒரு பெரிய சிலிண்டருக்கு ஈடாகச் சுமார் 140 யூனிட் மின்சாரம் போதும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யூனிட் விலை 6 ரூபாய் 40 காசுக்குக் கீழே இருக்கும்வரை மின்சாரமே மலிவு. யூனிட்டுக்குத் தாம் கொடுக்கும் விலையை வாசகர்கள் தங்கள் மின்சார அட்டையில் பார்த்துக்கொள்ளலாம். சென்னையில் மாடி வீட்டில் இருப்பவர்கள் இதை வாங்கலாமா என்று என்னைக் கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பேன்.

பழவேற்காட்டில் அவ்வளவு எளிதாகச் சொல்லமுடியவில்லை. முதல் ஆட்சேபம் மீன் குழம்பு. மீன் குழம்பு என்றால் மண்சட்டிதான். மண்சட்டியைக் காந்தம் ஒட்டாது; காந்தம் ஒட்டாத பாத்திரத்தை இண்டக்ஷன் அடுப்பு தீண்டாது. அலுமினியச் சட்டிக்கும் இதே கதிதான். அடுப்போடு புதுப் பாத்திரங்களும் வாங்கவேண்டும். அந்தச் செலவை விளம்பரத்தில் யாரும் சொல்லுவதில்லை. மண்சட்டியை விடமுடியாதென்றால், கம்பி சிவந்து கனலும் இன்ஃப்ராரெட் அடுப்பு இருக்கிறது. எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும். மின்சாரம் சற்று அதிகம் பிடிக்கும். இரண்டாவது ஆட்சேபம் கம்பி. இவ்வடுப்புகள் 2,000 வாட் வரை இழுக்கின்றன. ஒரு விளக்கு, ஒரு விசிறி, ஒரு டெலிவிஷன் என்று போட்ட மெல்லிய கம்பி அதைத் தாங்காது. தனிக் கம்பியும் 16 ஆம்பியர் பிளக்கும் வேண்டும். மூன்றாவது, புயல். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக் கரையில் ஏறியபோது ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் சோறு போடுவது காஸ்தான், அல்லது விறகுதான். ஆகவே இக்கரையில் மின்சார அடுப்பு துணை அடுப்பாக இருக்கட்டும். காஸை விட்டுவிட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

சலவை யந்திரத்தின் சமாசாரம் இதைவிட ருசிகரமானது. இதைக் குடக்கணக்கில் பார்ப்பதுதான் நியாயம், ஏனெனில் பொதுக் குழாயிலோ லாரியிலோ பிடித்துக் குடத்தில் சுமந்து வரும் வீடுகள் இங்கே உண்டு. குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த உயர்ந்த ரக யந்திரம் ஒரு சலவைக்குச் சுமார் 60 லிட்டர், அதாவது நாலு குடம் கேட்கும். மேலே திறக்கும் தானியங்கி யந்திரம் எட்டுக் குடம்கூடக் குடித்துவிடும். அப்படியானால் விலையுயர்ந்ததே ஏழைக்கு லாபம் என்றல்லவா தோன்றுகிறது? அதில்தான் வேடிக்கை. அந்த நாலு குடத்தையும் அதற்குக் குடத்தால் ஊற்றமுடியாது! குழாய் வழியாக, அழுத்தத்தோடு வரவேண்டும். தொட்டி குறைந்தபட்சம் மூன்று, நான்கு மீட்டர் உயரத்தில் நிற்கவேண்டும். கூரை வீட்டில் தொட்டியை எங்கே ஏற்றுவது?

இரண்டு தொட்டி வைத்த அரைத் தானியங்கி யந்திரம் ஒன்று இருக்கிறது. பட்டணத்துக் கடைக்காரர்கள் அதைச் சற்று இளப்பமாகவே காட்டுகிறார்கள். இடது தொட்டியில் துவைத்து, கையால் எடுத்து, வலது தொட்டியில் போட்டுப் பிழியவேண்டும். ஆனால் அதற்குக் குடத்தால் ஊற்றினாலும் சரி, வாளியால் ஊற்றினாலும் சரி. உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு அதில் ஒரு பெரிய அனுகூலமும் உண்டு. துவைப்பதற்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீரை ஊற்றலாம். தானியங்கி யந்திரத்துக்கு இந்த விவேகம் கிடையாது. குழாயில் எது வருகிறதோ அதுதான் அதற்கு. கடைசி அலசல் அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் வஸ்து; உப்புத் தண்ணீரில் அலசிய வேஷ்டி எத்தனை வெயிலில் காய்ந்தாலும் மாலையில் மறுபடி பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ வெயிலே இல்லை. அப்போது பிழியும் தொட்டி ஒன்றுக்காகவே யந்திரத்தை வாங்கலாம்.

உயர்ந்த ரகங்களில் வெந்நீர் போடும் சாதனம் உள்ளேயே இருக்கிறது. உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த நீரில் அதன்மேல் காறை படிந்துவிடும். பிறகு மின்சாரம் அதிகம் செலவாகும், சாதனமும் பழுதாகும். அழகுக்கு வைத்த எஃகு டிரம்மிலும் உப்பு புள்ளி விழச் செய்யும். அத்தகைய யந்திரத்தைப் பழுது பார்ப்பவனைப் பட்டணத்திலிருந்து வரவழைக்கவேண்டும். இரண்டு தொட்டி யந்திரமோ இரண்டு மோட்டார், ஒரு பெல்ட், இரண்டு கடிகாரச் சாவி. பொன்னேரி போன்ற ஊரிலேயே சரிசெய்துவிடலாம்.

2011 செப்டம்பரில் இதே திருவள்ளூர் ஜில்லாவில்தான் மிக்ஸி, கிரைண்டர், விசிறி இவற்றை இலவசமாக வழங்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. மீன் குழம்புக்கு மிளகாயும் மல்லியும் அரைத்த அம்மிக்கு அன்று முதல் ஓய்வு. ஆனால் மிக்ஸியைத் தொடும் கை பெரும்பாலும் மீன் கழுவிய ஈரக் கை, தரையும் ஈரம், காற்றில் உப்பு. மூன்று முள் பிளக்கின் தடித்த முள்ளைப் பிடுங்கிவிட்டு இரண்டு முள்ளோடு சொருகும் வழக்கத்தை எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். உயிரைக் காப்பது அந்த மூன்றாவது முள்தான். எந்த யந்திரம் வாங்குகிறவர்களும் அதற்கு முன்பு எலெக்ட்ரீஷியனை அழைத்து, வீட்டுக்கு எர்த் கம்பி உண்டா என்று பார்த்து, மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்சை மீட்டருக்குப் பக்கத்தில் பொருத்திக்கொள்ளவேண்டும். அதன்மேல் ஒரு சிறு சோதனைப் பொத்தான் இருக்கும். உப்புக் காற்று அதையும் விடாதாகையால், மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்தி, விளக்கு அணைகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.