செய்த பிழை வேறு, செய்த ஆள் வேறு

இறுதி யுத்தத்தைக் கடந்து வந்தவர்களோடு கதைக்கும்போது அடிக்கடி நான் கேட்கும் சொல் ஒன்று உண்டு: “நான் பாவி.” காயப்பட்ட தாயைப் பங்கருக்குள் விட்டுவிட்டு, பிள்ளைகளோடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர் அப்படிச் சொல்கிறார். பசியோடு வந்த அயலவரிடம் அரிசி இல்லை என்று பொய் சொன்னவரும் அப்படியே சொல்கிறார். ஆட்சேர்ப்புக்குப் பயந்து ஒளித்திருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவருக்கும் அதே சொல்தான். நடந்தவை மூன்றும் வேறு வேறு. ஆனால் மூவரும் தங்களுக்குக் கொடுத்துக்கொண்ட தீர்ப்பு ஒன்று.

அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய விசுவாசம் உண்மையில் இந்தத் தீர்ப்பைத்தான் கொடுக்கிறதா?

எது பாவம்?

கத்தோலிக்கத் திருச்சபை ஒரு செயலைச் சாவான பாவம் என்று சொல்வதற்கு மூன்று நிபந்தனைகளை வைத்திருக்கிறது. காரியம் பாரதூரமானதாக இருக்கவேண்டும். செய்பவர் அதை முழுமையாக அறிந்திருக்கவேண்டும். முழுச் சம்மதத்தோடு செய்திருக்கவேண்டும். பயமும் பலவந்தமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும் அதன் மறைக்கல்வி சொல்கிறது.

இந்த அளவுகோலோடு பாருங்கள். ஷெல் மழைக்குள் எல்லோரையும் தூக்கிவர முடியாத மகள், தாயைக் கைவிடச் சம்மதித்தவள் அல்ல. அவளிடம் இருப்பது துயரம். அதைக் குற்றம் என்று பெயரிட்டு வைத்திருக்கிறாள். அரிசியை மறைத்தவர் செய்தது பிழைதான். ஆனால் அந்தப் பிழையைப் பசியும் பயமும் சேர்ந்து செய்வித்தன. மூன்றாமவர் செய்தது இன்னொரு குடும்பத்துக்கு இழைத்த பெரிய தீங்கு. அங்கும் பயம் இருந்திருக்கலாம். அது பொறுப்பைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

ஒரே இரவு, இரண்டு பேர்

பிழை செய்த பிறகு என்ன என்பதற்கு நற்செய்திகள் இரண்டு மனிதர்களைப் பக்கம் பக்கமாக வைக்கின்றன. ஒரே இரவில் யூதாஸ் இயேசுவைக் காட்டிக் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இராயப்பர் என்று அழைக்கும் பேதுரு அவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். இருவரும் மனம் வருந்தினார்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக் காசையும் திருப்பிக் கொண்டுபோய், தான் செய்தது பாவம் என்று குருக்களிடமே சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். அது எங்கள் பிரச்சினையில்லை என்று அவர்கள் கையை விரித்தார்கள். அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பேதுரு அழுதார், ஆனாலும் மற்றச் சீடர்களோடு தங்கியிருந்தார். அவர் மறுதலித்தது கரி நெருப்பொன்றின் அருகில். பிறகு கடற்கரையில் மீண்டும் ஒரு கரி நெருப்பு மூட்டப்பட்டிருப்பதை யோவான் குறிப்பிடுகிறார். அங்கே இயேசு, ஏன் மறுதலித்தாய் என்று விசாரிக்கவில்லை. தன்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, ஒரு பொறுப்பையும் கொடுக்கிறார்.

வருந்துவதில் இருவருக்கும் குறைவில்லை. ‘நான் பிழை செய்தேன்’ என்பதற்கும் ‘நானே பிழை’ என்பதற்கும் இடையில்தான் வேறுபாடு இருக்கிறது. முதலாவது வசனத்தோடு ஒருவர் இன்னொருவரிடம் போகலாம். இரண்டாவது அவரைத் தனிமைக்குள் பூட்டிவிடுகிறது.

அழியாத பெறுமதி

மனிதரின் பெறுமதி அவர் செய்வதிலிருந்து வருவதில்லை என்பது இந்த விசுவாசத்தின் அடிப்படை. ஆதியாகமத்தில், மனிதர் எதையும் செய்வதற்கு முன்னரே கடவுளின் சாயலில் படைக்கப்படுகிறார். திருமுழுக்கும் அப்படித்தான். எவ்வளவு பெரிய பாவம் செய்து திரும்பி வந்தாலும் மறுபடி திருமுழுக்குக் கொடுப்பதில்லை. முதல் பெற்ற அடையாளம் அழிவதில்லை என்பதே காரணம்.

மலிவான மன்னிப்பு அல்ல

இதைக் கேட்டு, அப்படியென்றால் குற்றம் செய்தவர்கள் தப்பிவிடலாமா என்று எங்கள் மக்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. நாசிகளை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் பொன்ஹோபர், மனமாற்றம் கேட்காத மன்னிப்பை ‘மலிவான அருள்’ என்று 1937 இலேயே கண்டித்தார். வரிதண்டுபவரான சக்கேயுவின் வீட்டுக்கு இயேசு விருந்தாளியாகப் போனார். ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சக்கேயு சொன்னார். மதிப்பு முதலில் கிடைத்தது, பரிகாரம் அதைத் தொடர்ந்து வந்தது. பாவசங்கீர்த்தனத்திலும் மனம் வருந்துவதோடும் பாவத்தை அறிக்கையிடுவதோடும் பரிகாரம் செய்வதும் ஒரு பகுதி.

ஆகவே, இதை வைத்துக்கொண்டு பாதிக்கப்பட்டவர்களிடம் ‘மன்னித்து மறந்துவிடுங்கள்’ என்று யாரும் கேட்கமுடியாது. என் பார்வையில், தன்னை முற்றாக வெறுப்பவரைவிட, தனக்கு இன்னும் பெறுமதி உண்டு என்று நம்புபவருக்குத்தான் உண்மையைச் சொல்லும் துணிவு வரும். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மாருக்குத் தேவையாக இருப்பதும் அந்த உண்மைதான்.

பல வருடங்களாக ஒன்றைச் சுமப்பவர்கள் அதைத் தனியே சுமக்கத் தேவையில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எவருக்கும் வெளியிட முடியாது. திருச்சபைச் சட்டம் அதை முழுமையாகத் தடுக்கிறது. நித்திரை வராமலும் உயிரை மாய்க்கும் எண்ணத்தோடும் இருப்பவர்கள் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், அல்லது 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல.