கம்பளத்தில் அமர்ந்த கடவுள்

கடவுள் தரையில் உட்கார்ந்திருக்கிறார், கையில் கிண்ணத்தோடு. பக்கத்தில் இறகு முளைத்த இரண்டு விருந்தாளிகள். வீட்டுக்காரர் ஆபிரகாம் கூஜாவை ஏந்தியபடி ஓரத்தில் பணிந்திருக்கிறார். 1656இல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த படம் இது. உயரம் 16 சென்டிமீட்டர்தான்.

இப்படிக் கம்பளத்தைச் சுற்றி உட்காரவைக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நம் நாட்டு ஓவியம். ஆம்ஸ்டர்டாமில் அவர் கைக்கு முகலாயச் சிற்றோவியங்கள் எட்டியிருந்தன. அவற்றைப் பார்த்து அவர் வரைந்த படங்களில் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. மரத்தடியில் நான்கு முதியவர்கள் அமர்ந்திருக்கும் படம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஆபிரகாமின் விருந்துக்கு உறவுக்காரப் படம் அதுதான்.

அந்தச் சிற்றோவியங்கள் நம் துறைமுகம் வழியாகப் போயிருக்கும் என்று கொச்சிக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தது 1663இல். முகலாயரோடு அவர்களுக்கு வியாபாரம் நடந்தது சூரத்தில்.

இருந்தாலும் ரெம்பிராண்டின் விருந்துப் படத்தைப் படிக்கக் கொச்சியின் மட்டாஞ்சேரி உதவும். திருப்பூணித்துறையிலிருந்து பஸ் ஏறிப் போய், அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களைப் பாருங்கள். அழுத்தமான கோடு உருவத்தை முழுசாக வளைத்துக் கட்டுகிறது. உள்ளே சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நிறைகின்றன. யார் நிழலும் யார் மேலும் விழுவதில்லை. ராமனுக்கு எவ்வளவு வெளிச்சமோ, அரக்கனுக்கும் அவ்வளவே.

ரெம்பிராண்டின் கோடு அப்படிக் கட்டிப்போடுவதில்லை. விருந்தாளிகளின் ஆடையருகே மெலிந்து விட்டுப்போகிறது. மை படாத வெறும் தாளே அங்கே வெயில். வாசல் பக்கம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக விழுந்து இருட்டாகின்றன. அந்த இருட்டில் ஒட்டுக்கேட்டபடி நிற்கிறாள் ஆபிரகாமின் மனைவி சாராள். விருந்தாளிகள் சொல்லும் செய்தியைக் கேட்டு, இந்த வயதில் பிள்ளையா என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரிக்கப்போகிறவள். 1646இல் இதே காட்சியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியபோது தேவதூதரின் உடம்பிலிருந்தே ஒளி பொங்கியது. பத்து ஆண்டில் அந்த மாயத்தை அவர் கைவிட்டுவிட்டார். எனக்கு இந்தச் சின்னப் படம்தான் பெரிய நாடகம்.

இன்னொருவன் இருக்கிறான். நமக்கு முதுகைக் காட்டி, சுவருக்கு அப்பால் அம்பு எய்யும் பையன், ஆபிரகாமின் மூத்த மகன் இஸ்மவேல். பிறக்கப்போகும் தம்பியால் வீட்டைவிட்டுப் போகவேண்டியவன். ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்து விருந்தில் அவன் பேச்சே இல்லை. அவன் வில்வீரன் ஆவது 21ஆம் அதிகாரத்தில். ரெம்பிராண்ட் முன்கூட்டியே அவனை அழைத்துவந்து வில்லைக் கொடுத்துவிட்டார்.